மேற்கோள் எண்ணிக்கையும் தகுதிப் பேச்சும்

போன ஆண்டு ஒரு கல்வி நிறுவனத்தில் உதவிப் பேராசிரியர் வேலைக்கான நேர்காணலுக்குப் போயிருந்தேன். பொதுச் சுகாதாரம் என் துறை. எதிரே மூன்று பேர். என் ஆய்வேட்டை ஒருவரும் திறக்கவில்லை. நடுவில் இருந்தவர் கைபேசியில் கூகுள் ஸ்காலரைத் திறந்து என் பெயரைத் தட்டிப் பார்த்தார். "எச்-இண்டெக்ஸ் மூன்றுதானா?" என்றார். அடுத்த கேள்வி சொந்த ஊர். நெய்வேலி என்றேன். "டவுன்ஷிப்பா?" இல்லை, மந்தாரக்குப்பம் பக்கம், அப்பா சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர் என்றேன். "ஓ" என்றார்.

அந்த "ஓ"வை இதைப் படிக்கிற பலரும் ஏதாவது ஒரு மேசைக்கு முன்னால் கேட்டிருப்பீர்கள். எங்கள் ஊரில் அது இன்னும் எளிது. எந்த பிளாக் என்று கேட்டால் போதும். பிளாக் எண் சொல்ல முடியாதவர் யார் என்று கேட்டவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் இந்தக் கட்டுரை அந்த "ஓ"வைப் பற்றியது அல்ல. அதற்கு முந்தைய கேள்வியைப் பற்றியது. சாதியைக் கேட்டால் சட்டம் இருக்கிறது. எச்-இண்டெக்ஸைக் கேட்டால் அது தகுதியைக் கேட்டதாகிறது.

எச்-இண்டெக்ஸ் என்பது 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு. உங்கள் கட்டுரைகளில் பத்து, தலா பத்து முறையாவது பிறரால் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் எண் பத்து. கணக்கு அவ்வளவுதான். கட்டுரையில் என்ன இருக்கிறது, அதனால் யார் பிழைத்தார்கள் என்பது அதில் வராது.

என் அப்பாவைச் சொல்ல வேண்டும். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டுகிற நிலக்கரித் தூளையும் மண்ணையும் வாரிப் போடுவது அவர் வேலை. 2003இல் அவருக்குக் காசநோய் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரத்துக்கு மூன்று நாள், செவிலியர் கண் முன்னால் மாத்திரை விழுங்குவார். ஆறு மாதமும் வீட்டில்தான் இருந்தார், எங்களோடுதான் தூங்கினார். எங்கள் தாத்தா காலத்தில் வந்திருந்தால் சானடோரியத்தில் படுக்கை தேட வேண்டும். கிடைக்காவிட்டால் சாவுக்குக் காத்திருக்க வேண்டும். தாம்பரம் ரயில் பாதையில் சானடோரியம் என்று ஒரு நிறுத்தத்துக்கே பெயர் இருப்பது அந்தக் காலத்தின் மிச்சம்.

இந்த மாற்றம் சென்னையில் நடந்த ஆய்வுகளால் வந்தது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து காசநோய் மருந்து சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ். நகரத்தின் நெரிசலான ஏழைப் பகுதிகளிலிருந்து 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினரை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், மறுபகுதியினரை வீட்டில் வைத்தார்கள். இருவருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள்: ஐசோநியாசிட், பி.ஏ.எஸ். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, ஓய்வு குறைவு, வேலை அதிகம். ஆண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதத்தினரிடமும் வீட்டில் 86 சதவீதத்தினரிடமும் நோய் அடங்கியிருந்தது. ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தபோதும் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் வைத்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. மாத்திரையைத் தினமும் இல்லாமல் வாரத்தில் சில நாள் கண்காணிப்பில் கொடுக்கலாம் என்பதையும் 1960களில் இதே மையம் சோதித்துப் பார்த்தது. அப்பா வாரத்துக்கு மூன்று நாள் நடந்ததன் வேர் அங்கே இருக்கிறது.

முதல் கட்டுரை 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்தது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அறுபது ஆண்டுக்கு மேலாக மேற்கோள் காட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. நான் மாணவனாக இருந்தபோது அதைத் தேடி எடுத்தேன். ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தனிமனிதப் பெயர் இல்லை. மையத்தின் பெயர்தான் இருந்தது. எனவே அந்த மேற்கோள்கள் யாருடைய எச்-இண்டெக்ஸிலும் ஏறுவதில்லை. என்னை நேர்காணல் செய்தவரின் அளவுகோலை வைத்தால், நவீன காசநோய் சிகிச்சையைத் திருப்பிப் போட்ட கட்டுரையை எழுதிய ஆள் என்று யாருமே இல்லை.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அந்த நூத்தித் தொண்ணூத்தி மூணு பேரோட பேரு போட்டிருக்கா?" என்றார். நோயாளிகளின் பெயரை வெளியிடக் கூடாது, அது நெறிமுறை என்று விளக்கினேன். "சரிதான். ஆனா வீடு வீடா மாத்திரை சாப்பிட்டாங்களான்னு பாக்கப் போனவங்க பேரு?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஐம்பதுகளின் சென்னையில் நெரிசலான ஏழைப் பகுதிகளில் இருந்தவர்கள் எந்தச் சாதியினர் என்று நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. உலகத்துக்கான அறிவு அவர்கள் நெஞ்சிலிருந்து எடுக்கப்பட்டது.

அதே 1959இல் கொல்கத்தாவிலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. சம்பு நாத் டே, நேச்சர் இதழ், இரண்டு பக்கம். காலரா கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது, அந்த நஞ்சுதான் குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்று முயலின் குடலை வைத்து நிரூபித்தார். ராபர்ட் கோக் 1884இல் ஊகித்ததை எழுபத்தைந்து ஆண்டு கழித்து மெய்ப்பித்தவர் அவர். உடனே யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1978இல் நோபெல் கருத்தரங்குக்கு அழைக்கப்பட்டார். ஆனால் உயிரோடு இருந்தவரை இந்தியாவின் பெரிய அறிவியல் அகாதமி எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை. 1985இல் இறந்தார். மறு ஆண்டு அவரைப் பற்றி விரிவாக எழுதியவர் யூஜின் கார்ஃபீல்ட். அறிவியல் மேற்கோள் அட்டவணை என்ற ஏற்பாட்டையே உருவாக்கியவர் அவர்தான்! மேற்கோளை எண்ணும் இயந்திரத்தைக் கட்டியவரே, சக அறிஞர்கள் ஒருவரைக் கண்டுகொள்ளாமல் விட்ட கதையை எழுத வேண்டியிருந்தது. லண்டனில் பிஎச்.டி. முடித்து, நேச்சரில் எழுதிய மருத்துவப் பேராசிரியருக்கே இதுதான் நிலை.

மேற்கோள் என்பது அறிமுகத்தின் வழியாகவும் நடக்கிற காரியம். மாநாட்டில் கைகுலுக்கியவரை, நெறியாளரின் நண்பரை, ஒரே விடுதியில் படித்தவரை மேற்கோள் காட்டுவது எளிது. எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எப்படி ஒதுக்கப்பட்டார்கள் என்று 2007இல் தோரட் குழு அறிக்கை சொன்னது. வாய்மொழித் தேர்வில் சாதி கேட்கப்பட்டது, விடுதியில் அவர்கள் ஒரு பக்கமாக ஒதுங்க நேர்ந்தது என்று அதில் இருக்கிறது. ஒரே மேசையில் உட்கார விடாதவர்கள் அடிக்குறிப்பில் மட்டும் இடம் கொடுப்பார்களா? இதோடு பணமும் சேர்கிறது. எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி கட்டுரை வெளியிட, பெயர்பெற்ற பல இதழ்களில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். என் அப்பாவின் ஓராண்டுக் கூலியை அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, அந்த மின்னஞ்சலை மூடிவிட்டேன்.

வசதி இருந்தால் எண்ணிக்கையைத் தயாரிக்கவும் முடியும். சென்னையின் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரியில் இளநிலை மாணவர்களைத் தேர்வு மாதிரி உட்கார வைத்து ஆய்வுக் கட்டுரை எழுத வைப்பதையும், அந்தக் கட்டுரைகள் அதே கல்லூரியின் கட்டுரைகளையே மேற்கோள் காட்டுவதையும் 2023இல் சயன்ஸ் இதழ் வெளிக்கொண்டு வந்தது. தேசியத் தரவரிசையில் மேற்கோளுக்கு மதிப்பெண் உண்டு. இட ஒதுக்கீட்டால் தரம் போகிறது என்று பேசுகிறவர்கள் அந்தச் செய்திக்குப் பிறகு தரத்தைப் பற்றி வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

மேற்கோளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாரிடமிருந்து கற்றோம் என்று எழுதுவது நேர்மை. நம் எழுத்துகளை மேற்கோள் காட்டாமல் நம் கருத்தை மட்டும் எடுத்துக்கொள்வதை நாம் போதுமான அளவு பார்த்திருக்கிறோம். என் சண்டை அதை எண்ணாக்கி, அந்த எண்ணைக் கதவில் பூட்டாக மாட்டுவதோடுதான். எந்தக் கேள்வி ஆய்வாகிறது என்பதையும் அது தீர்மானிக்கிறது. காசநோயாளியின் வீட்டாருக்கு அரிசி, பருப்பு கொடுத்தால் என்ன ஆகும் என்று ஜார்க்கண்டில் பத்தாயிரத்துக்கும் அதிகமான குடும்ப உறுப்பினர்களிடம் சோதித்து, புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைகிறது என்று லான்செட்டில் வெளியானது 2023இல்தான். காசநோயும் பசியும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன என்பது எங்கள் தெருவுக்கு எப்போதோ தெரியும்.

நெய்வேலியிலும் அதே கதைதான். 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் சுரங்கத்தையும் அனல்மின் நிலையங்களையும் சுற்றியுள்ள ஊர்களில் நீரையும் மண்ணையும் சோதித்து, வீடு வீடாகப் போய் மக்களின் உடல்நிலையைக் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. கூகுள் ஸ்காலரில் தேடினால் கிடைக்கிற எண் அதன் மதிப்பைச் சொல்லாது.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது விடுமுறை நாட்களில் இரண்டு தோழர்களோடு ஒப்பந்தத் தொழிலாளர் குடியிருப்புகளில் மூச்சுத் திணறலைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். கேள்வித்தாளைத் திருத்தியவர்களில் அப்பாவும் ஒருவர். "எத்தனை வருஷமா வேலை செய்றீங்கன்னு கேக்காதே, எத்தனை வருஷம் பெல்ட்டுக்குக் கீழே நின்னீங்கன்னு கேளு" என்றார். கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் அவர் பெயரைப் போடலாமா என்று இதழுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.