பாகவதர் சாயலும் சௌந்தரராஜன் குரலும்

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளியில், தென்பெண்ணை அணையைச் சுற்றிய ஊர்களில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கின்றன. அங்கே பஜனையில் பாட நிற்கும் பிள்ளைகள், தம் உச்சரிப்பில் பிறமொழிச் சாயல் தெரியுமோ என அஞ்சி, ஒலிப்பதிவில் கேட்ட பாடகரின் குரலையே பூசிக்கொள்வது இயல்பு.

அவர்களுக்கு டி.எம். சௌந்தரராஜனை நினைவூட்ட விரும்புகிறேன். 1922-இல் மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர், தாய்மொழி தமிழன்று. காரைக்குடி ராஜாமணி ஐயங்காரிடம் இசை பயின்றார். தொடக்கத்தில் தியாகராஜ பாகவதரின் சாயலிலேயே பாடினார். 1950-இல் வெளிவந்த 'கிருஷ்ண விஜயம்' பாடலிலும் அச்சாயல் தெளிவாகக் கேட்கும். ஆனால் பாகவதரின் குரல் மேல் ஸ்தாயியில் சிறகடிப்பது. இவருடையதோ நாபியிலிருந்து எழும் கம்பீரம். நாளடைவில் இரவல் குழைவு உதிர்ந்தது. ழகரமும் ளகரமும் பிசகாத சொல் நின்றது. 1964-இல் 'அருணகிரிநாதர்' படத்தில் அவரே நடித்துப் பாடியபோது, பாகவதர் நினைவுக்கே இடமில்லை.

ஆகவே, அன்பர்களே, பிறர் பாடிய கட்டையைப் பிடித்துத் தொண்டையை இறுக்க வேண்டா. உங்களுக்கு இசைந்த சுருதியை ஆர்மோனியத்தில் தேடுங்கள். பாடலைப் பாடுமுன், பொருளுணர்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மெட்டு மனத்தில் பதிந்ததும் ஒலிப்பதிவை நிறுத்திவிடுங்கள்.