பழைய கேமிங் பிசியைத் தேத்தலாமா, புதுசா கட்டலாமா? ரேம் விலை மாற்றிப்போட்ட கணக்கு

ஆறேழு வருஷத்துக்கு முன்பு, முதல் சம்பளப் பணத்தில் ஆசை ஆசையாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். இப்போது புது கேம் எதைப் போட்டாலும் திணறுகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வேறு. கடையில் போய்க் கேட்டால், "எல்லாமே பழசு சார், மொத்தமா மாத்திடுங்க" என்று பதில் வருகிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு என்றால் அது அவ்வளவு மோசமான யோசனை இல்லை. இன்று அப்படியே கேட்டு நடந்தால் பட்ஜெட்டில் பெரிய துண்டு விழும். இதுவரை பலரும் கணக்கிலேயே பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு பாகம்தான் அதற்குக் காரணம்: ரேம்.

ரேம் விலை ஏன் இப்படி எகிறியது?

உலகில் விற்கும் டிராம் மெமரியில் பெரும்பகுதி மூன்றே நிறுவனங்களிடமிருந்து வருகிறது. தென் கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். ஏஐ சர்வர்களுக்குத் தேவைப்படும் ஹெச்பிஎம் என்ற அதிவேக மெமரியில் இவர்களுக்கு லாபம் அதிகம். அதனால் தொழிற்சாலைகளின் உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஒரே அளவு கொள்ளளவைத் தயாரிக்க, டிடிஆர்5-ஐவிட ஹெச்பிஎம்முக்குச் சுமார் மூன்று மடங்கு சிலிக்கான் தகடு தேவைப்படுகிறது. அங்கே ஒன்று கூடினால், இங்கே மூன்று குறைகிறது.

2025 அக்டோபரில் ஓபன்ஏஐ நிறுவனம் தன் ஸ்டார்கேட் திட்டத்துக்காக சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ் இரண்டுடனும் கைகோத்தது. மாதத்துக்கு 9 லட்சம் டிராம் தகடுகள் வரை தேவைப்படலாம் என்பது அப்போது சொல்லப்பட்ட இலக்கு. டிசம்பரில் மைக்ரான் இன்னும் ஒரு படி மேலே போனது. சாதாரண வாடிக்கையாளர்களுக்கு 'குரூஷியல்' பெயரில் ரேம், எஸ்எஸ்டி விற்கும் தொழிலையே விட்டு விலகுவதாக அறிவித்தது.

விளைவு, 2025-ன் கடைசி சில மாதங்களில் மட்டும் டிடிஆர்5 ரேமின் சில்லறை விலை பல நாடுகளில் இரண்டு, மூன்று மடங்கானது. எஸ்எஸ்டி விலையும் பின்னாலேயே ஏறத் தொடங்கியது. இந்தத் தட்டுப்பாடு 2026-ஐத் தாண்டியும் நீடிக்கும் என்று மைக்ரானே சொல்லியிருக்கிறது. "கொஞ்ச நாள் பொறுத்தா இறங்கிடும்" என்ற வழக்கமான கணக்கு இந்த முறை உதவாது.

இதனால் கேமிங் பிசிக்கு என்ன மாறுகிறது?

இன்றைய புது பிளாட்ஃபார்ம்கள் இரண்டுமே, அதாவது ஏஎம்டியின் ஏஎம்5, இன்டெல்லின் எல்ஜிஏ 1851, டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். பழைய டிடிஆர்4 ரேம் அந்த ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. ஆக, 'மொத்தமா மாத்துறது' என்றால் பிராசசர், மதர்போர்டு, ரேம் மூன்றையும் சேர்த்து வாங்குவது. முன்பு இந்த மூன்றில் ரேம்தான் சின்னச் செலவு. இப்போது அதுவே பிராசசருக்குச் சமமாக வந்து நிற்கிறது.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும். பழைய பெட்டிக்குள் இருக்கும் 16 ஜிபி டிடிஆர்4 ரேம் இன்று ஒரு சொத்து. அதனால் 'பழசா, புதுசா' என்று யோசிப்பதைவிட, கையில் உள்ள ரேமைத் தூக்கிப் போடாமல் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்ப்பதே இப்போதைய சரியான கேள்வி.

முதலில், எந்தப் பாகம் இழுக்கிறது?

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. திணறும் கேமைத் திறந்து, கிராபிக்ஸ் செட்டிங்கை 'லோ'வுக்குக் கொண்டுபோய், ரெசல்யூஷனையும் ஒரு படி குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கிராபிக்ஸ் கார்டுதான் முட்டுக்கட்டை. பெரிதாக ஏறவில்லை என்றால் பிராசசரோ ரேமோ இழுக்கிறது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச சாஃப்ட்வேரில் கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் நிற்கிறதா என்று பார்த்தும் இதை உறுதி செய்துகொள்ளலாம்.

காசே செலவில்லாத வேலைகளும் இருக்கின்றன. பயாஸில் ரேமின் எக்ஸ்எம்பி அமைப்பு ஆஃப் ஆகவே இருந்தால், பெட்டியில் போட்டிருக்கும் வேகத்துக்குக் குறைவாகத்தான் ரேம் ஓடும். இரண்டு ரேம் இருந்தும் தவறான ஸ்லாட்டில் செருகியிருந்தால் டூயல் சேனல் கிடைக்காது. ஃபேனில் தூசி அடைத்து, பிராசசர் மேல் உள்ள பேஸ்ட் காய்ந்திருந்தால், சூடேறி வேகம் தானாகக் குறையும். கேம் இன்னமும் ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கிறது என்றால், எஸ்எஸ்டிக்கு மாறுவதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும்.

யார் தேத்தலாம், யார் புதுசா கட்டலாம்?

மதர்போர்டைப் பொறுத்து மூன்று நிலைகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஏஎம்டி ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்கள். இவர்களுக்குத்தான் அதிர்ஷ்டம். உதாரணத்துக்கு, 2019-ல் வாங்கிய ரைசன் 5 2600, பி450 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 என்று வைத்துக்கொள்வோம். பயாஸை அப்டேட் செய்தால் அதே போர்டில் ரைசன் 5 5600 அல்லது ரைசன் 7 5700எக்ஸ் உட்காரும். 2017-ல் வந்த பி350 போர்டுகள் பலவற்றுக்கும் இந்த அப்டேட் உண்டு. பிராசசர் ஒன்றை மட்டும் வாங்கி, மூன்று பாகங்களின் செலவைத் தவிர்க்கலாம். ஒரே எச்சரிக்கை: பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸ் அப்டேட்டை முடித்துவிட வேண்டும். நடுவில் கரன்ட் போனால் போர்டே போய்விடலாம் என்பதால், யுபிஎஸ் இல்லாமல் இதில் கை வைக்க வேண்டாம்.

இரண்டாவது, முட்டுச்சந்தில் நிற்கும் டிடிஆர்4 போர்டுகள். இன்டெல் கோர் ஐ5 7400 போன்ற ஏழாம் தலைமுறை பிராசசர்கள் இந்த ரகம். அடுத்து வந்த எட்டாம் தலைமுறை பிராசசரைக்கூட அந்த போர்டு ஏற்காது. இங்கே போர்டை மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் ரேமை மாற்ற வேண்டியதில்லை. இன்டெல்லின் 12-ம் தலைமுறை ஐ5 12400எஃப் பிராசசருக்கு டிடிஆர்4 ஏற்கும் போர்டுகள் உண்டு. ரைசன் 5600-உம் பி550 போர்டும் இன்னொரு வழி. பழைய ரேம் 2400 மெகாஹெர்ட்ஸ் என்றால் வேகம் கொஞ்சம் அடிவாங்கும். ஆனாலும் மொத்தமாக மாற்றுவதைவிட இந்தப் பாதி மாற்றம் சிக்கனம்.

வாங்கும்போது போர்டின் மாடல் பெயரை ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும். 12 முதல் 14-ம் தலைமுறை வரையிலான இன்டெல் போர்டுகளில் டிடிஆர்4, டிடிஆர்5 என இரண்டு வகையும் கடையில் கிடைக்கும். அவசரத்தில் மாற்றி வாங்கிவிட்டால் மொத்தத் திட்டமும் வீண்.

மூன்றாவது, டிடிஆர்3 ரேம் உள்ள நான்காம் தலைமுறை இன்டெல் போன்ற பழைய பெட்டிகள். இதில் தேத்த எதுவும் இல்லை. கேபினெட், மானிட்டர், எஸ்எஸ்டி ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு புதுசா கட்டுவதே சரி. அப்போதும் டிடிஆர்5-க்குத் தாவ வேண்டிய கட்டாயம் இல்லை. யாரோ கழற்றி விற்கும் டிடிஆர்4 ரேம் செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். ஆனால் டிடிஆர்4 உற்பத்தியும் குறைந்துவருவதால் அதன் விலையும் ஏறியிருக்கிறது என்பதை மனதில் வைத்துப் பேரம் பேச வேண்டும்.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டதே, அப்போ என்ன பண்றது?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது உண்மைதான். ஆனால் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை நேரம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்குகளை பேக்கப் செய்தால் கட்டணம் இல்லாமலே சேரலாம்.

விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது ரைசன் 2000 வரிசை முதல் அதிகாரபூர்வ ஆதரவு உண்டு. ரைசன் 1600 வைத்திருப்பவர்கள் போர்டை மாற்றாமல் பிராசசரை மட்டும் 5600 ஆக்கினாலே இந்தத் தடை நீங்கிவிடும். பல நேரம் பிரச்சினை ஹார்டுவேரிலேயே இருக்காது. டிபிஎம், செக்யூர் பூட் இரண்டும் பயாஸில் ஆஃப் ஆகி இருக்கும். வேலரன்ட், பேட்டில்ஃபீல்டு 6 போன்ற கேம்கள் செக்யூர் பூட் கேட்டு அடம்பிடிப்பதும் இதனால்தான். அதை ஆன் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

கிராபிக்ஸ் கார்டில் கவனிக்க வேண்டியது

சோதனையில் கார்டுதான் பிரச்சினை என்று தெரிந்தால், பெட்டியின் மற்ற பாகங்களைத் தொடாமல் அதை மட்டும் மாற்றலாம். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 வைத்திருப்பவர்களுக்கு இது தள்ளிப்போட முடியாத செலவு. இந்த வரிசைக்கான புது கேம் டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற கேம்கள் ரே டிரேசிங் வசதியுள்ள கார்டு இல்லாமல் ஓடுவதே இல்லை.

பழைய போர்டுக்குப் புது கார்டு வாங்கும்போது பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு எட்டு பிசிஐ லேன்களை மட்டுமே பயன்படுத்துகிறது. பி450 போன்ற பிசிஐ 3.0 போர்டில் அதற்குக் கிடைக்கும் பாதை குறுகிவிடும். கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பும் கேம்களில் இது திக்கித் திணறலாகத் தெரியும். 16 லேன்களும் 16 ஜிபி மெமரியும் உள்ள ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி போன்ற கார்டு, பழைய போர்டுக்குப் பொருத்தமாக இருக்கும்.

பவர் சப்ளையையும் மறந்துவிடக் கூடாது. பெயர் தெரியாத மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் புது கார்டை மாட்டுவது பெரிய ரிஸ்க். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட்தான். கேம் ஓடும்போது கரன்ட் போனால் அது அப்போதே கையை விரித்துவிடும்.

ஜிடிஏ 6-க்காக இப்போதே கட்டலாமா?

வேண்டாம். 2026 நவம்பர் 19 என்று அறிவிக்கப்பட்ட தேதி பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கு மட்டுமே. அந்த அறிவிப்பில் பிசி இல்லை. தேதியே தெரியாத கேமுக்காக, விலை உச்சத்தில் இருக்கும்போது பிசி கட்டுவதில் அர்த்தமில்லை.

வாங்கப் போகும்போது

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் இல்லாமல் பாகம் வாங்க வேண்டாம். சீரியல் நம்பரை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, இந்தியாவில் வாரன்டி உண்டா என்று பார்த்துவிடுவது நல்லது. செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் கண் முன்னே அரை மணி நேரமாவது ஒரு கனமான கேமை ஓடவிட்டு, சூடும் சத்தமும் எப்படி என்று கவனித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

கடைக்காரர் பழைய பாகங்களை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னால், ரேமுக்கு மட்டும் தனியாக என்ன விலை போடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். அதே ரேமை இன்று அவரிடம் வாங்கினால் என்ன விலை என்பதையும் சேர்த்தே கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான், மொத்தமாக மாற்றினால் கையை விட்டுப் போகும் காசு.