பரிசில்லாப் பிள்ளையும் பரிசளிப்பு விழாவும்

பரிசளிப்பு விழா பார்ப்போருக்கு இரண்டு மணி நேரம்; நடத்துவோருக்கோ இரண்டு மாதத் தூக்கம் போய்விடும். மண்டபம், கேடயங்கள், பிரதம விருந்தினர் எல்லாம் எப்படியோ ஒப்பேறிவிடும். சான்றிதழில் பிள்ளையின் பெயரிலுள்ள ழகரம் லகரமாகிவிட்டால் மட்டும் பெற்றார் பொறுக்கமாட்டார்கள். (அதில் நியாயமுண்டு.)

ஆயினும் பெருஞ்சங்கடம் வேறு. பரிசு கிடையாத பிள்ளை எந்த முகத்துடன் வீடு திரும்பும்?

இதற்கு லோசான் நகரிலேயே பார்த்துப் படிக்க ஒன்றுண்டு. பிலிப் பிரவுன்ஷ்வைக் என்பவரும் அவர்தம் துணைவியாரும் 1973இல் தொடங்கிய 'பிறி த லோசான்' பாலே நடனப் போட்டியில், 15 முதல் 18 வயது வரையான இளையோர் பங்குபற்றுகின்றனர். அங்கே பெரும்பரிசு கேடயமன்று. சிறந்த நடனப் பள்ளியிலோ குழுவிலோ ஓராண்டு பயில்வதற்கான உதவித்தொகை. நடுவர்கள் மேடையாட்டத்தை மட்டுமன்றி, அவ்வாரத்து வகுப்புகளில் பிள்ளைகள் பயிலும் விதத்தையும் பார்க்கின்றனர். இறுதிச் சுற்றுக்குத் தெரிவாகாதோரையும் பள்ளி அதிபர்கள் கண்டு பேச ஏற்பாடுண்டு.

தமிழ்ப் பாடசாலை விழாக்களிலும் புள்ளிக்கு மட்டுமன்றி வரவுக்கும் ஒரு பரிசு வைக்கலாம். பனிகொட்டும் சனிக்கிழமைகளிலும் வகுப்புத் தவறாத பிள்ளை மேடையேறும்போது எழும் கைதட்டலைக் கேட்டபின், கதிரை அடுக்கி மண்டபம் கூட்டுவது நிர்வாகசபையாருக்கு ஒரு வேலையாகவே இராது.