பந்தயக் காளை ஏறும் வண்டி

திருச்சுழிப் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயங்களில் பேச்செல்லாம் பெரியமாடா, நடுமாடா, பூஞ்சிட்டா என்பதிலேயே நின்றுவிடுகிறது. காளைகள் பந்தயச் சாலைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன என்று கேட்பாரில்லை. சிறிய சரக்கு வண்டியொன்றின் வழுக்கும் இரும்புத் தளத்தில் ஒரு மயிலைக்காளை முழங்கால் மடிந்து விழுந்ததை நாம் நேரில் கண்டோம். அன்று அதை ஓட்டாமல் திருப்பிக் கொண்டுபோன உரிமையாளரை மெச்சத்தான் வேண்டும்.

வாடகை குறைவென்று டாடா ஏஸ் பிடிக்கிறோம். அதன் தளம் சுமார் ஏழடி நீளம். அகலம் ஐந்தடிகூட இல்லை. அதிலேயே ஒரு சோடிக் காளைகளை நெருக்குகிறோம். 2015இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகளோ பசு, எருமை ஒவ்வொன்றுக்கும் இரண்டு சதுர மீட்டருக்குக் குறையாத தடுப்பைக் கேட்கின்றன. பசுவுக்கே அவ்வளவென்றால், கொம்பு வீசும் காளைக்குக் குறையலாமா? தளத்தில் தென்னைநார்ப் பாயோ பலகையோ வேண்டும், மாட்டின் முகம் எஞ்சின் பக்கம் இருக்கவேண்டும் என்பனவெல்லாம் 1978ஆம் ஆண்டு விதிகளிலேயே உள்ளவை. தடுமாறித் தடுமாறிக் காலூன்றி வந்த மாடு, கொடி அசையுமுன்பே பாதிப் பந்தயம் ஓடிவிட்டது.

இரு வீட்டார் சேர்ந்து பெரிய லாரியாகப் பேசினால் வாடகையும் கட்டுப்படியாகும். கண்மாய்க் கரையோரம் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தினால் மாடு தானே நடந்து ஏறும், வாலை முறுக்கவேண்டியதில்லை.