கருணையும் கறிக்கடையும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்கறி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தோம். எதிரே ஒரு மொபெட் வண்டி வந்தது. அதன் இரு பக்கங்களிலும் நாற்பது ஐம்பது கோழிகள் கால்கள் கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்கின. வண்டி குலுங்கும்போதெல்லாம் அவற்றின் இறகுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. நம்மிடம் படிக்கும் மாணவன் ஒருவன் அங்கே நின்றிருந்தான். நம் முகம் சுளித்ததைக் கண்டு, "எப்படியும் அறுக்கப் போகிற கோழிதானே, ஸார்? அது எப்படி வந்தால் என்ன?" என்று கேட்டான்.

கேட்டவன் சிறுவன், ஆனால் பெரியவர்கள் பலருடைய மனத்திலும் இருக்கும் கேள்வி இதுவே. மாமிசம் உண்பது தகுமா, தகாதா என்ற பழைய வழக்கை நாம் இங்கே கிளப்பப் போவதில்லை. அது அவரவர் மனச்சாட்சியும் வீட்டு வழக்கமும் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். 'எப்படி வந்தால் என்ன' என்பதற்கு மட்டும் விடை சொல்லியாக வேண்டும்.

ஆட்டின் தசையில் கிளைகோஜன் என்னும் மாச்சத்து சேர்ந்திருக்கிறது. உயிர் போன பிறகு அது லாக்டிக் அமிலமாக மாறுகிறது. அந்த மிதமான புளிப்புத்தான் கிருமிகள் விரைவாகப் பெருகாமல் இறைச்சியைச் சிறிது காலம் காக்கிறது. லாரியில் நெருக்கி அடைத்து, தீனியின்றி நெடுந்தூரம் கொண்டுவந்து, மிரள மிரள அடித்து இறக்கிய ஆட்டின் உடம்பில் இந்தச் சத்து உயிரோடிருக்கும்போதே செலவாகிவிடுகிறது. பிறகு புளிப்பு ஏறுவது எங்கே? இறைச்சி கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெடுகிறது. கோழியின் கதையும் வேறல்ல. நெரிசலில் ஒன்றின் எச்சம் மற்றொன்றின் மேல் விழுகிறது. நோய்க் கிருமி ஒரு பறவையிலிருந்து கூண்டு முழுவதற்கும் பரவ அதிக நேரம் வேண்டியதில்லை. வாயில்லாப் பிராணி பட்ட பாடு அதனோடு முடிந்துபோவதில்லை. நம் வீட்டுச் சட்டி வரையில் வருகிறது.

இதை உணர்ந்தவர்கள் நம் நாட்டில் இல்லாமற் போகவில்லை. நாட்டியக் கலையால் புகழ்பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல், ராஜ்ய சபை அங்கத்தினராக இருந்தபோது மிருகவதையைத் தடுக்க ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அந்த முயற்சியின் பலனாகவே 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் கீழ் 2001-இல் இறைச்சிக்கூடங்களுக்கென்று தனி விதிகள் வகுக்கப்பட்டன. கால்நடை வைத்தியர் ஒவ்வொரு பிராணியையும் பரிசோதிக்க வேண்டும். மணிக்குப் பன்னிரண்டுக்கு மேல் பார்க்கக் கூடாது. அறுப்பதற்கு முன் பிராணிக்கு 24 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். ஒரு பிராணியின் கண்ணெதிரே மற்றொன்றை அறுக்கக் கூடாது. இவற்றில் எந்த விதி ஆட்டுக்காக, எது நமக்காக என்று பிரித்துச் சொல்ல முடியுமா? ஓய்வு பெற்ற ஆடு வேதனையும் குறைவாகப் படுகிறது. நல்ல இறைச்சியும் தருகிறது.

மற்றொரு செய்தியையும் குடும்பத்தினர் அறிய வேண்டும். நெருக்கிய கொட்டகைகளில் நோய் வராமல் தடுக்கவும், பறவைகள் விரைவில் கொழுக்கவும் தீவனத்தில் ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கலக்கும் வழக்கம் பரவியது. அவற்றுள் ஒன்று கொலிஸ்டின். வேறு மருந்துகள் பலிக்காத நோயாளிகளுக்காக டாக்டர்கள் கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்து அது! கோழிகளுக்கு ஓயாமல் கொடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும். பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவருக்கு எதைக் கொடுப்பது? உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு இம்மருந்தைக் கொடுப்பதை 2019-ஆம் ஆண்டு ஜூலையில் இந்திய அரசாங்கம் தடை செய்தது. தாராளமாக இடமும் காற்றும் கொடுத்திருந்தால் இவ்வளவு மருந்துக்குத் தேவையே இராது. இடத்தை மிச்சம் பிடிக்கப் போய் மருந்தைச் செலவழித்தோம்.

சட்டம் இருக்கிறது, பார்ப்பவர்கள் யார்? மாமிசம் வாங்கும் இல்லத்தார் கடைக்காரரிடம், "எங்கே அறுத்தது? வைத்தியர் பார்த்தாரா?" என்று கேட்கலாம். தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுவரும் கடையை விட்டு வேறு கடைக்குப் போகலாம். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் யோசிப்பார். நூறு பேர் கேட்டால் அவருக்குக் கோழி அனுப்புகிறவரும் யோசிப்பார். மாமிசம் வாங்காத நாமும் சும்மா இருப்பதற்கில்லை. அன்று அந்த வண்டியை நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒதுங்கி நின்றோம். அது கருணை ஆகாது.

திங்கட்கிழமை வகுப்பில் இவற்றையெல்லாம் மாணவனுக்கு எடுத்துச் சொன்னோம். "அப்படியானால் அந்த வண்டிக்காரருக்கு என்ன தண்டனை, ஸார்?" என்று கேட்டான். முதல் குற்றத்துக்கு ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல் அபராதம் என்று 1960-இல் விதித்தார்கள், அறுபது வருஷம் கடந்தும் தொகை உயரவில்லை என்றோம்.

பையன் சற்று யோசித்தான்.

"ஒரு கோழியின் விலைகூட இல்லையே, ஸார்!" என்றான்.

அதற்கு நம்மிடம் பதில் இல்லை. சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் ஆட்களை அனுப்பும் வாசகர்கள்தான் அதற்கு விடை தேட வேண்டும்.