எண் முறியும் இடம்

பிஜியின் தவெயுனித் தீவு 180 பாகை நெட்டாங்கின் இரு பக்கமும் கிடக்கிறது. தரையில் அங்கே பிளவு எதுவும் இல்லை. தரவுக் கோப்பிலோ 179.9ஐ அடுத்துச் சட்டென்று −179.9 வந்துவிடுகிறது. அந்த இரு புள்ளிகளுக்கும் சராசரி எடுத்தால் விடை பூச்சியம். தீவின் நடு, தென் அத்திலாந்திக்கில் போய் விழும். இதற்குச் சர்வதேசத் திகதிக் கோட்டைக் குறை சொல்வது வழக்கம், ஆனால் திகதிக் கோடு அரசுகளின் விருப்பப்படி வளைவது. கிரிபட்டி 1995இல் அதைக் கிழக்கே தள்ளியது. சமோவா 2011இல் டிசம்பர் 30ஐயே விட்டுத் தாண்டியது. மென்பொருள் இடறுவது கிரீன்விச்சுக்கு நேர் எதிரே, நாம் வைத்த எண்வரிசை முடியும் இடத்தில். 2016இல் வந்த ஜியோஜேசன் என்ற வரைபடத் தரவுக் கோப்புத் தரம், 180 பாகையைக் கடக்கும் உருவத்தை இரண்டாக வெட்டச் சொல்கிறது. வரைவதற்கு அது போதும், கணக்கிடுவதற்குப் போதாது: துண்டுகளுக்கும் அதே சராசரியை எடுத்தால் அதே பிழைதான். பிஜி தன் ஆள்கூற்று வலையை 178.75 பாகையை மையமாக வைத்து அமைத்தது. முறிவு நாட்டை விட்டே வெளியேறியது. மெச்சத்தக்க வழி அது.

எண்பதாம் பாகையில் உள்ள கண்டிக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். இலங்கையில் நம்முடைய வலையும் அப்படி ஒரு சொந்த மையத்தில், பிதுருதலாகலை மலையில், ஊன்றியதுதான். ஆனால் நம்மிடம் இரண்டு வலைகள் புழங்குகின்றன. பழைய கந்தவல வலை அந்த மையத்துக்கு 200,000 மீற்றர் என்று எண் கொடுத்தது, எஸ்எல்டி99 வலை 500,000 என்று கொடுத்தது. தலதா மாளிகையின் கிழக்கு ஆள்கூறு ஒன்றில் ஏறத்தாழ 185,000, மற்றதில் 485,000. மாற்றிப் படித்தால் கண்டி இந்து சமுத்திரத்தில் மிதக்கும். அதை எவரும் உடனே கண்டுகொள்வர். வேறு புவி மாதிரியில் அளந்த கந்தவல நெட்டாங்கை ஜிபிஎஸ் நெட்டாங்காகப் படிப்பதுதான் என்னை அச்சுறுத்துகிறது. விலகல் ஏறத்தாழ 200 மீற்றர்தான், படமும் நம்பும்படியே இருக்கும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் 1:10,000 மண்சரிவு அபாய வலயப் படத்தில் அது 2 சென்ரிமீற்றர். கண்டியின் ஹந்தானை மலைச் சரிவில் ஒரு குடியிருப்பையே அபாய வலயத்துக்கு வெளியே காட்டிவிட அவ்வளவு போதும்.

இன்றைய மென்பொருள் தானே மாற்றிக்கொள்ளும் என்பார்கள். எந்த வலை என்று சொல்லப்பட்டதைத்தான் அது மாற்றும். ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்போடு வரவேண்டிய, ஆள்கூற்று முறையைச் சொல்லும் பிஆர்ஜே கோப்பு விடுபட்டால் மிஞ்சுவது ஊகம். ஆகவே, ஆள்கூற்று முறை குறிக்கப்படாத கோப்பை மலைநாட்டில் எந்த அலுவலகமும் ஏற்காமல் திருப்பி அனுப்ப வேண்டும், அவசர வேலையாக இருந்தாலும். பயிற்சி வகுப்புகளில் தவெயுனியைக் கொடுத்து அதன் நடுப்புள்ளியைக் கேட்போம். பூச்சியம் என்ற விடையைக் கண்ட மாணவர் கண்டியின் 200 மீற்றரையும் தேடத் தொடங்குவார்.