காணாத புயலைக் கணிக்குமா?

2001ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் ஜொகூர் மாநிலத்தின் தென்கிழக்குக் கரையை ஒரு புயல் தாக்கியது. அதன் பெயர் வாமெய். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 1.4 பாகையில் அது உருவாகியிருந்தது. புயல் சுழல்வதற்குப் புவியின் சுழற்சி துணைசெய்ய வேண்டும். நிலநடுக்கோட்டருகே அந்தத் துணை மிகக் குறைவு. எனவே, அங்கே புயல் உருவாகாது என்றே பொதுவாகக் கருதப்பட்டு வந்தது. வாமெய் கொண்டுவந்த வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் தீபகற்ப மலேசியாவில் ஐவர் உயிரிழந்தனர்.

வானிலைக் கணிப்பில் செயற்கை நுண்ணறிவு இன்று காட்டும் வேகத்தைப் பாராட்டும்போது, இந்தப் பழைய புயலையும் நினைத்துப் பார்க்க வேண்டியுள்ளது.

வழக்கமான முறையில், வளிமண்டலத்தை எண்ணற்ற சிறு கட்டங்களாகப் பிரிப்பர். ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், ஈரம் ஆகியவை அடுத்த சில நிமிடங்களில் எப்படி மாறும் என்பதை இயற்பியல் சமன்பாடுகளைக் கொண்டு கணக்கிடுவர். பிறகு அதற்கடுத்த சில நிமிடங்கள். இப்படியே பத்து நாள்கள் வரை கணக்கு நீளும். இதற்கு மீத்திறன் கணினியும் ஏராளமான மின்சாரமும் தேவை.

2023இல் கூகுள் டீப்மைண்ட் நிறுவனம் வெளியிட்ட 'கிராஃப்காஸ்ட்' வேறு வழியில் சென்றது. அதற்குச் சமன்பாடுகள் கற்பிக்கப்படவில்லை. 1979 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் வானிலைத் தரவுகளைக் கொடுத்து, அடுத்த ஆறு மணி நேரத்தை ஊகிக்கப் பழக்கினர். இப்போது பத்து நாள் கணிப்பை ஒரு நிமிடத்துக்குள் அது தந்துவிடுகிறது. ஒப்பிட்டுப் பார்த்த 1,380 அளவீடுகளில் 90 விழுக்காட்டில், ஐரோப்பிய வானிலை மையத்தின் வழக்கமான கணிப்பை அது விஞ்சியது. அம்மையமே 2025 பிப்ரவரியில் தன் சொந்தச் செயற்கை நுண்ணறிவு முறையை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. மீத்திறன் கணினி வாங்க வசதியில்லாத நாடுகளுக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு!

அப்படியானால், மீத்திறன் கணினிகளை மூடிவிடலாமா? அது முடியாது. நடுக்கடலில் எல்லா இடத்திலும் வானிலை நிலையங்கள் இருந்ததில்லை. அந்த நாற்பது ஆண்டுத் தரவுகளில் இருந்த இடைவெளிகளை நிரப்பியது இயற்பியல் சமன்பாடுகளே. ஒவ்வொரு நாளும் கணிப்பைத் தொடங்குவதற்கான நிலவரத்தைத் தருவதும் அவையே. மாணவன் விரைவாக விடை எழுதுகிறான் என்பதற்காக, பாடநூல் எழுதியவரை வீட்டுக்கு அனுப்பிவிட முடியுமா?

அதைவிடப் பெரிய கவலை வேறொன்று. 2025இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் ஒரு சோதனை செய்தனர். பயிற்சித் தரவுகளிலிருந்து கடும் புயல்களை எல்லாம் நீக்கிவிட்டு, செயற்கை நுண்ணறிவு முறை ஒன்றைப் பழக்கினர். பின்னர் மிகக் கடுமையான புயல்களை அதன்முன் வைத்தனர். அவற்றின் வலிமையை அது தொடர்ந்து குறைத்தே மதிப்பிட்டது. வேறொரு கடலில் அத்தகைய புயல்களைக் கண்டிருந்தால் மட்டும் ஓரளவு சமாளித்தது. எங்குமே காணாததை அதனால் ஊகிக்க இயலவில்லை. கரையோரத்தில் வாழ்பவர்களுக்கு இது சிறிய குறையன்று. புயலின் வலிமையைக் குறைத்துச் சொன்னால் அவர்கள் வீட்டைவிட்டு வெளியேற மாட்டார்கள்.

சமன்பாடுகளும் தவறுவதுண்டு. லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கில அறிஞர், கணினி இல்லாத காலத்திலேயே வானிலையைக் கையால் கணக்கிட்டு, 1922இல் நூலாக வெளியிட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்றது அவர் கணக்கு. உண்மையிலோ அது ஏறக்குறைய மாறவே இல்லை. எத்தகைய தோல்வி! ஆனால், அவர் எழுதிவைத்த படிகளைப் பின்பற்றிச் சென்ற பிற்காலத்தார் பிழையைக் கண்டுபிடித்தனர். தொடக்கத் தரவுகள் சீர்செய்யப்படவில்லை. அவற்றைச் சீர்செய்ததும் அதே முறை நல்ல விடையைத் தந்தது. கிராஃப்காஸ்டுக்குள் 3 கோடியே 67 இலட்சம் எண்கள் உள்ளன. ஒருநாள் அது தவறினால், எந்த எண்ணைத் தேடிச் செல்வது?

ஐரோப்பிய மையம் இரண்டு முறைகளையும் அருகருகே இயக்கி வருகிறது. செலவு கூடுதல்தான். எனினும், பருவமழைக் காலத்தில் ஒரு முறை மழை என்றும் மற்றொன்று புயல் என்றும் சொல்லும் இரவில், கரையோர மக்களை எழுப்புவதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் அலுவலரின் மேசையில் இரண்டு கணிப்புகளும் இருக்கும்.